மரப்பொந்து

பாலூட்டிகளுள் ஒரு பிரிவு, குட்டியை முழு வளர்ச்சிக்கு முன்னரே ஈன்று, தாயின் வயிற்றுப்பையில் வைத்துப் பாலூட்டி வளர்ப்பது. கங்காரு இப்பிரிவினது என்பதைப் பலரும் அறிவர். வாழ்நாளின் பெரும்பகுதியை மரக்கிளைகளிலேயே கழிக்கும் பை விலங்குகளும் உள. அமெரிக்கக் கண்டங்களில் வாழ்வன ஒப்போசங்கள். ஆஸ்திரேலியா, நியூ கினி முதலிய நிலப்பகுதிகளில் வாழ்வன போசங்கள். வர்ஜீனியா ஒப்போசத்தின் குட்டி கருவில் இருப்பது ஏறத்தாழ 13 நாள்களே. பிறக்கும்போது அது ஒரு தேனீயின் அளவே இருக்கும். 1770 ஆம் ஆண்டில் குக்கின் கப்பலில் ஆஸ்திரேலியக் கரையை அடைந்த ஜோசப் பேங்க்ஸ், அங்குக் கண்ட பை விலங்கொன்று ஒப்போசத்தை ஒத்திருப்பதாகக் கருதினார். அப்பெயரே சுருங்கிப் போசம் என நிலைத்தது. பெயர் ஒன்றேயொழிய, இரண்டும் நெருங்கிய உறவுடையன அல்ல.

போசங்களுள் ஒன்று லெட்பீட்டர் போசம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வாழ்வது, உள்ளங்கையில் அடங்கத்தக்கது. பகலில் மரப்பொந்தினுள் குடும்பமாகத் துயின்று, இரவில் வெளிவந்து, வாட்டில் மரங்களின் பிசினையும் சிறு பூச்சிகளையும் உண்ணும். 1867 ஆம் ஆண்டில் பிரெடரிக் மெக்காய் இதனை அறிவியலுலகிற்கு அறிமுகப்படுத்தினார். 1909 ஆம் ஆண்டிற்குப் பின் எவர் கண்ணிலும் படாமையால், இவ்வினம் அற்றுப்போயிற்று என்றே கருதப்பட்டது. 1961 ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இரவொன்றில், மெல்போர்னுக்கு வடகிழக்கே உள்ள கேம்பர்வில் அருகே எரிக் வில்கின்சன் என்பார் இதனை மீண்டும் கண்டார். பத்தாண்டுகளுக்குப் பின் விக்டோரியா இதனைத் தன் மாநில விலங்காக ஏற்றது.

அரை நூற்றாண்டு மறைந்திருந்த உயிர் அந்த மலைக்காட்டில் தென்பட்டதற்கு ஒரு பெருந்தீயும் காரணமாயிருந்தது. 1939 ஆம் ஆண்டு சனவரியில் மூண்ட தீ, அக்காடுகளைப் பெரும்பரப்பில் எரித்தது. அங்கு ஓங்கி நிற்பது மலைச்சாம்பல் மரம் எனப்படும் ஒருவகை யூகலிப்டஸ்; நீலகிரியில் நாம் காணும் தைலமரத்தின் இனம். பூக்கும் மரங்களில் இதனினும் உயர்ந்தது வேறில்லை. கடுந்தீயில் இம்மரம் மடியும். மடியுமுன் உதிர்த்த விதைகள் சாம்பலில் முளைக்கும். எரிந்த முதுமரங்கள் பட்டமரங்களாய் நின்று பொந்துகளைத் தந்தன; அடியில் அடர்ந்தெழுந்த வாட்டில் இரை தந்தது. போசத்திற்கு அதுவே நற்காலம்.

ஆயின் பட்டமரம் என்றும் நிற்பதில்லை. ஆண்டுதோறும் சில சாய்கின்றன. புதிய மரத்தில் பொந்து விழுவதோ எளிதன்று. நம் நாட்டில் மரங்கொத்தி குடைந்து விட்டுச்சென்ற துளையில் கிளியும் மைனாவும் குடியேறுகின்றன. ஆஸ்திரேலியாவில் மரங்கொத்தி இல்லை. கிளை முறிந்து, பூஞ்சை பற்றி, கறையான் அரித்து, மரம் தானாகவே உள்ளீடற்றுப் போக வேண்டும். மலைச்சாம்பல் மரத்தில் போசம் தங்கத்தக்க பொந்து உருவாக 120 ஆண்டுகளோ அதற்கு மேலுமோ ஆகும். அவ்வயதை எட்டுமுன்னரே பல மரங்கள் வெட்டப்பட்டு மரக்கூழாகவும் பலகையாகவும் ஆயின. ஒரு மரத்தை வெட்டச் சில நிமிடங்கள் போதும் என்பதை எண்ணினால் கணக்கின் கொடுமை விளங்கும்.

2009 ஆம் ஆண்டு பிப்ரவரியில் மீண்டும் பெருந்தீ மூண்டது. போசத்தின் வாழிடத்தில் ஏறத்தாழ 45 விழுக்காடு எரிந்தது. 2015 ஆம் ஆண்டில் இது மிக அருகிவிட்ட இனமாக அறிவிக்கப்பட்டது. விக்டோரியாவில் அரசுக்குரிய இயற்கைக் காடுகளில் வணிகத்திற்காக மரம் வெட்டுவது 2024 சனவரி முதல் நிறுத்தப்பட்டுள்ளது. ஆயினும் கோடரி நின்ற அன்றே பொந்து தோன்றிவிடாது. ஆகவே ஆய்வாளர்கள் மரங்களில் கூடுபெட்டிகளைப் பொருத்துகின்றனர்; உயிருள்ள மரத்தை வாளால் குடைந்து செயற்கைப் பொந்தும் அமைக்கின்றனர். போசங்கள் அவற்றுள் பட்டை நாரைப் பரப்பிக் குடியேறுகின்றன. பெட்டி சில ஆண்டுகளில் பழுதுறும், மாற்ற வேண்டும். 1939 ஆம் ஆண்டின் சாம்பலில் முளைத்த மரங்களுக்கு நூறு வயதுகூட இன்னும் நிறையவில்லை.