பழைய சர்வரும் மெல்லிய முனையங்களும்

ஒரு கருவியை உடைமையாகப் பெறுவது வேறு; அதனைப் பயன்படுத்தும் உரிமையைப் பெறுவது வேறு. இவ்வேறுபாட்டைப் பழவேற்காட்டு ஏரிக்கரை மீனவர் நன்கறிவர். அங்குள்ள சில குப்பங்களில் ‘பாடு’ என்னும் முறை உண்டு. ஏரியில் இன்ன இடத்தில், இன்ன நாளில் சுத்து வலை இடுதற்குரியார் இன்னார் என்று சீட்டிட்டு வரையறுப்பர். வலையும் படகும் சொந்தமாயிருந்தும், முறை வாராதவர் அவ்விடத்தில் வலை இடார். கணிப்பொறி மென்பொருளின் நிலையும் ஏறக்குறைய இத்தன்மைத்தே.

மீஞ்சூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்குப் பழைய சர்வரையும் சில முனையங்களையும் நன்கொடையாக அளிக்க விரும்பும் பழைய மாணவர் நம்முள் இருக்கலாம். அளிப்போர்க்கும் பெறுவோர்க்கும் பயன்படுமாறு இப்பொருள் குறித்துச் சில கூறுவாம்.

மெல்லிய முனையம் என்பது யாதெனின், திரையும் விசைப்பலகையும் இணைத்த ஒரு சிறு பெட்டி. கணிப்பு வேலை சர்வரில் நிகழும். அதன் திரைக்காட்சி மட்டும் கம்பி வழியே முனையத்தை அடையும். பெரும்பாலானவற்றில் விசிறி இன்மையால் உப்புக்காற்றை உள்ளே இழுப்பதில்லை; மின்செலவும் குறைவு. கடலோரப் பள்ளிக்கு இவை ஏற்றவையே.

எனினும், பெட்டிகள் கிடைத்தமையே போதும் என்று எண்ணலாகாது. விண்டோஸ் சர்வரில் முனையங்களை இணைக்கச் சர்வரின் உரிமத்தோடு, இணைவோர்க்குரிய பொது உரிமமும், அதன் மேல் தொலைத்திரை உரிமமும் வேண்டும். முனையத்தினுள் லினக்ஸ் இருப்பினும் இவ்விதி மாறாது. 2003-ஆம் பதிப்பு முதல், புதிதாக அமைத்த சர்வர் 120 நாள் வரை தொலைத்திரை உரிமம் இன்றியும் இடங்கொடுக்கும், அதன்பின் மறுக்கும். ஜூன் தொடக்கத்தில் ஆரவாரத்தோடு திறந்த கணிப்பொறிக்கூடம் அக்டோபரில் பயனற்று நிற்க, மாணவர் வெறுந்திரையை நோக்கியிருப்பர்.

உரிமத்தைக் கருவிக்கு ஒன்றாகவோ ஆளுக்கு ஒன்றாகவோ பெறலாம். 20 முனையங்களில் 200 மாணவர் முறைவைத்துப் பயில்வதாகக் கொள்வோம். கருவிவழி 20 உரிமம் போதும். ஆள்வழியாயின் 200 வேண்டும். ஆசிரியர் ஒருவரே பல கருவிகளில் வேலை செய்யும் இடத்தில் ஆள்வழியே சிக்கனமாம்.

இனிப் பொருத்தத்தைக் காண்போம். புதிய பதிப்பின் தொலைத்திரை உரிமம் பழைய சர்வரிலும் செல்லும். பழைய உரிமம் புதிய சர்வரில் செல்லாது. அதனால் பழைய சர்வரையே வைத்துக்கொள்வோம் எனின், அதிலும் இடர் உண்டு. 2003-ஆம் பதிப்புக்கு 2015 ஜூலையிலும், 2008-ஆம் பதிப்புக்கு 2020 ஜனவரியிலும், 2012-ஆம் பதிப்புக்கு 2023 அக்டோபரிலும் பொதுவான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. சர்வரை மட்டும் புதுப்பித்தாலோ, உட்புகுமுன் அது கேட்கும் அடையாளச் சோதனையை மிகப் பழைய முனையங்கள் செய்யமாட்டா.

மற்றொரு வழி லினக்ஸ். 1999-இல் தோன்றிய லினக்ஸ் முனைய சர்வர்த் திட்டம் கருவிக்கோ ஆளுக்கோ உரிமக் கட்டணம் கேட்பதில்லை. நம் மாநிலத்தில் எல்காட் நிறுவனம் 2007-ஆம் ஆண்டையொட்டித் தன் அலுவலகக் கணிப்பொறிகளைச் சூசி லினக்ஸுக்கு மாற்றியது. அவ்வாண்டிலேயே, இந்திய மொழிகளில் இயங்கும் பாஸ் லினக்ஸை சி-டாக் வெளியிட்டது. ஆயினும், முனைய சர்வர்த் திட்டம் 2019-இல் புதிதாக எழுதப்பட்ட பின், செயலிகள் பெரும்பாலும் முனையத்திலேயே ஓடுகின்றன. ஆகவே சர்வர் சிறிதாயினும் அமையும். முனையத்துக்கோ போதிய நினைவகம் வேண்டும். விண்டோஸுக்கென்றே செய்த கணக்குச் செயலிகள் இதில் நேரே ஓடா என்பதையும் மறத்தல் கூடாது.

ஆதலின், நன்கொடையை ஏற்குமுன் மூன்று வினாக்களுக்கு விடை காண்க. சர்வரின் பதிப்புக்குத் திருத்தங்கள் இன்னும் வருகின்றனவா? எத்தனை உரிமங்கள், எவ்வகையில், எப்பதிப்புக்கு உள்ளன? முனையங்கள் அச்சர்வரோடு இணைவதை நேரிற் சோதித்தாயிற்றா? கொடுப்போர் பெட்டியோடு உரிமத்துக்கும் பொருள் உதவுவாராயின், அல்லது லினக்ஸை நிறுவிக் கற்பிக்க ஒருவரை அனுப்புவாராயின், அக்கொடை 121-ஆம் நாளிலும் பயன் தரும்.