மின்சாரமில்லா மோட்டார்: வரைபடம் வாங்குமுன் கவனிக்க

சென்ற ஆடியில் விவசாயி ஒருவர் சுருட்டிய தாள்களுடன் என்னைக் காண வந்தார். கைப்பேசியில் கண்ட விளம்பரத்தை நம்பி 1,500 ரூபாய் செலுத்தி வாங்கிய வரைபடம் அது. இலவச மின் இணைப்புக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருப்பவர். டீசல் எஞ்சினுக்குச் செலவழித்து அலுத்துப் போனவர். "பட்டறையில் சக்கரம் கடைய நாற்பதாயிரம் கேட்கிறாங்க. கொடுக்கலாமாங்க ஐயா?" என்றார்.

வரைபடத்தில் கண்டது இதுதான். மோட்டார் ஒரு கனத்த இரும்புச் சக்கரத்தைச் சுழற்றும். சக்கரம் பெல்ட் மூலம் ஆல்டர்னேட்டரைச் சுழற்றும். அதில் உண்டாகும் மின்சாரத்தில் ஒரு பகுதி மோட்டாருக்கே திரும்பும். மிச்சம் பம்புசெட்டுக்கு!

கணக்கிட்டுப் பார்ப்போம். மோட்டாருக்கு 1,000 வாட் கொடுத்தால், சூடாகவும் உராய்விலும் வீணாவது போக அச்சில் சுமார் 800 வாட் கிடைக்கும். பெல்ட்டில் 40 வாட் போகும். மீதி 760 வாட்டை ஆல்டர்னேட்டர் மின்சாரமாக மாற்றும்போது ஏறக்குறைய 600 வாட்தான் மிஞ்சும். போட்டது 1,000, வந்தது 600. மோட்டாருக்கே போதவில்லை, பம்புக்கு ஏது? கமலையில் ஓட்டைச் சாலைக் கட்டி இறைத்தவர்களுக்கு இது புரியும்.

கனத்த சக்கரம் சக்தியைப் பெருக்கும் என்கிறார்கள். சக்கரம் குதிர் போன்றது. போட்ட நெல்லுக்கு மேல் ஒரு படியும் அதிலிருந்து எடுக்க இயலாது. அரை மீட்டர் விட்டமுள்ள 50 கிலோ சக்கரம் நிமிடத்திற்கு 1,500 சுற்றுச் சுற்றினாலும், அதில் தங்கும் சக்தி 5 குதிரைத்திறன் பம்பை மிஞ்சிப்போனால் 10 விநாடிதான் ஓட்டும். வாய்க்காலில் நீர் வருமுன் நின்றுவிடும்.

"படத்தில் ஓடுதுங்களே?" என்றார். மேசைக்கடியில் ஒரு கம்பியோ பாட்டரியோ இருந்தால் படத்தில் எதுவும் ஓடும். பெரும்பாலும் பல்பு எரிவதைத்தான் காட்டுவார்கள், கிணற்றிலிருந்து மூன்று மணி நேரம் நீர் பாய்வதைக் காட்டமாட்டார்கள்.

இயந்திரத்தை விற்காமல் வரைபடத்தை மட்டும் ஏன் விற்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். இயந்திரம் ஓடாவிட்டால் விற்றவன் பொறுப்பு. வரைபடமென்றால் "நீங்கள் செய்த சக்கரம் சரியில்லை" என்று சொல்லி, திருத்திய வரைபடம் என்று இன்னொன்றையும் விற்றுவிடலாம். நம்மவருக்கும் இரண்டாவது விலை சொல்லியிருந்தார்கள்.

காப்புரிமை எண் போட்டிருந்தாலும் மயங்க வேண்டாம். விண்ணப்பித்த எவருக்கும் விண்ணப்ப எண் கிடைக்கும். அது உரிமை வழங்கியதாகாது. இயற்கை விதிகளுக்கு வெளிப்படையாக முரணானவை கண்டுபிடிப்பே அல்ல என்று நமது 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு கூறுகிறது. தானே ஓயாமல் ஓடும் இயந்திரங்களை இனிப் பரிசீலிப்பதில்லை என்று பாரிஸ் அறிவியல் கழகம் 1775லேயே முடிவு செய்துவிட்டது.

விற்பவரிடம், "என் கிணற்றுக்கு இயந்திரத்தைக் கொண்டு வாருங்கள். வெளி மின்சாரமும் பாட்டரியும் இல்லாமல் ஒரு பொழுது ஓட்டிக் காட்டினால் அங்கேயே பணம் தருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். பிறகு அந்த எண்ணிலிருந்து அழைப்பு வருவது அரிது.

பணம் செலுத்தி ஏமாந்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யவும். பணம் கைமாறிவிடுமுன் கணக்கை நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. நம்மவர் வெட்கப்பட்டு இரண்டு மாதம் வீட்டில் கூடச் சொல்லவில்லை. அந்த 1,500 போனது போனதுதான். பட்டறைக்குக் கொடுக்க வைத்திருந்த பணம் தப்பியது. சூரிய சக்தி பம்புசெட்டுக்கான மானியத்தை விசாரிக்க, அவரை வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திற்கு அனுப்பி வைத்தேன்.