ஈயச் சொம்பு முதல் கழிவுநீர்த் தொட்டி வரை: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

மயிலாப்பூரில் பல வீடுகளில் ரசம் இன்னும் ஈயச் சொம்பில்தான் கொதிக்கிறது. தி.நகரில் வாங்கிய நகை பீரோவில் பத்திரமாக இருக்கிறது. அடையாறு பக்கம் போர்த் தண்ணீர் பக்கெட்டை மஞ்சளாக்கிக்கொண்டிருக்கிறது. இவை எல்லாமே வேதியியல்தான். ஒரே தனிமம் ஒரு சேர்மானத்தில் சோறு போடும் தட்டாகவும் இன்னொரு சேர்மானத்தில் விஷமாகவும் இருக்கும். பெயரையும் பளபளப்பையும் பார்த்து முடிவெடுத்தால் ஏமாந்துபோவோம். நம் வீட்டுப் பொருள்களைக் கையாள்வதில் கவனிக்க வேண்டியவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஈயச் சொம்பு

*வாங்கும்போது "சுத்த வெள்ளீயமா?" என்று கேளுங்கள். அதைப் பில்லில் எழுதியும் வாங்குங்கள்.*

ரசத்துக்கான ஈயச் சொம்பு வெள்ளீயத்தில் செய்வது. காரீயம் வேறு தனிமம். இரண்டும் மென்மையானவை, வெளிறிய நிறம் கொண்டவை, சீக்கிரம் உருகுபவை. அதனால் ஒன்றோடு ஒன்றைக் கலப்பது எளிது. வெள்ளீயத்தின் விலை காரீயத்தைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால் கலப்படம் செய்யும் ஆசையும் எளிதில் வரும். மின்சாதனங்களில் பற்றவைக்கப் பயன்பட்ட பழைய ஈயக்கம்பியில் ஏறக்குறைய 37 சதவீதம் காரீயம் உண்டு. அந்தக் கழிவை உருக்கிப் பாத்திரம் வார்த்தால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

புளியும் தக்காளியும் எலுமிச்சையும் அமிலம். அவை கொதிக்கும்போது காரீயத்தைக் கரைத்து ரசத்தில் இறக்கிவிடும். அதற்கு நிறமும் வாசனையும் கிடையாது. இவ்வளவு காரீயம் வரை உடம்புக்குப் பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. உள்ளே போகும் காரீயத்தில் பெரியவர்கள் உறிஞ்சுவதைப்போல் நான்கைந்து மடங்கைச் சிறு குழந்தைகளின் உடல் உறிஞ்சிக்கொள்ளும். பாதிக்கப்படுவது மூளை வளர்ச்சி. இந்தியாவிலிருந்து போன சில அலுமினியம், பித்தளை, ஹிண்டாலியம் பாத்திரங்களிலிருந்து உணவில் காரீயம் இறங்கக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025-ல் எச்சரித்தது. ஆகவே கவலைப்பட வேண்டியது ஈயச் சொம்பைப் பற்றி மட்டுமல்ல.

வீட்டில் செய்யக்கூடிய முதற்கட்டச் சோதனைகள் உண்டு. வெள்ளைத் தாளில் பாத்திரத்தின் அடியைத் தேய்த்துப் பாருங்கள். பென்சில் கோடுபோல் கருஞ்சாம்பல் கோடு அழுத்தமாக விழுந்தால் சந்தேகப்பட வேண்டும். காரீயம் வெள்ளீயத்தைவிட ஒன்றரை மடங்கு கனமானது. அளவுக்கு மீறிக் கனக்கிற சொம்பையும் சந்தேகியுங்கள். சுத்தமான வெள்ளீயத்தை வளைத்தால் உள்ளே இருக்கும் படிகங்கள் சட்டென்று நிலை மாறுவதால் கிரீச்சென்று ஒரு சத்தம் வரும். இது உலோகவியலார் நெடுங்காலமாக அறிந்த அடையாளம். ஆனால் கலப்படம் குறைவாக இருந்தால் இந்தச் சோதனைகள் எதிலும் அகப்படாது. உலோகப் பரிசோதனைக் கூடத்தில் எக்ஸ்-கதிர் முறையில் பார்ப்பதுதான் உறுதியான வழி. அதுவரை அந்தச் சொம்பில் வைத்த ரசத்தைக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம்.

*வெறும் சொம்பை அடுப்பில் வைக்காதீர்கள்.*

வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். கேஸ் அடுப்பின் சுடர் அதைப்போல் பல மடங்கு சூடு. அப்படியிருந்தும் ரசம் கொதிக்கும்போது சொம்பு உருகாததற்குக் காரணம் உள்ளே இருக்கும் தண்ணீர். அது 100 டிகிரியில் கொதித்து, உலோகத்தின் சூட்டை வாங்கிக்கொண்டே இருக்கிறது. ரசம் வற்றினாலும் சுடர் பக்கவாட்டில் ஏறி ரச மட்டத்துக்கு மேலே இருக்கும் உலோகத்தைத் தொட்டாலும் சொம்பு ஓட்டையாகிவிடும். தீயைச் சிறிதாக வையுங்கள். கொதித்ததும் இறக்கிவிடுங்கள். தாளிப்பதற்கு வேறு கரண்டி வேண்டும். காய்ந்த எண்ணெயின் சூடு 200 டிகிரியைத் தாண்டக்கூடும்.

வெள்ளீயத்துக்கு இன்னொரு வினோதமும் உண்டு. 13 டிகிரிக்குக் கீழே நெடுநாள் இருந்தால் அது மெல்லச் சாம்பல் நிறப் பொடியாக உதிரத் தொடங்கும். குளிர்நாடுகளில் பழைய வெள்ளீயப் பொருள்கள் இப்படிக் கெட்டிருக்கின்றன. சென்னை மார்கழியில் அந்தப் பயம் வேண்டாம்.

பித்தளையும் செம்பும்

*ஈயம் பூசாத பித்தளையிலும் செம்பிலும் மோர், எலுமிச்சைச் சாறு, புளிக்குழம்பு வைக்காதீர்கள்.* அமிலம் பட்டால் செம்பு கரையும். பச்சையாகப் படிகிற களிம்பு அதன் உப்புதான். சாப்பிட்டால் குமட்டலும் வாந்தியும் வரும். அதே புளியை வெளிப்பக்கம் தேய்த்தால் குத்துவிளக்கு பளிச்சென்று ஆவதும் இதே வினையால்தான்.

*ராத்திரி செம்புக் குடத்தில் குடிதண்ணீர் பிடித்து வையுங்கள்.* மிக நுண்ணிய அளவில் கரையும் செம்பு பல நோய்க்கிருமிகளைக் கொன்றுவிடுகிறது. நம் பாட்டிமார் வழக்கத்துக்கு ஆய்வகச் சான்று கிடைத்திருக்கிறது. தண்ணீர் மட்டும்தான், வேறெதுவும் வேண்டாம்.

*ஈயம் பூசுபவரிடம் எந்த ஈயம் என்று கேளுங்கள்.* பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, வெள்ளைப் புகை எழும்ப எழும்பப் பஞ்சால் தேய்க்கும் அந்தக் கைவேலை அருமையானது. நவச்சாரம் சூட்டில் பிரிந்து உலோகத்தின் மேலிருக்கும் ஆக்சைடைத் தின்றுவிடுவதால்தான் ஈயம் ஒட்டுகிறது. ஆனால் அவர் பூசுவது பற்றவைப்புக் கழிவிலிருந்து வந்த ஈயமாக இருந்தால் பூசாமலே இருந்திருக்கலாம்.

எவர்சில்வர்

*காந்தத்தை மட்டும் நம்பிப் பாத்திரம் வாங்காதீர்கள்.* உஸ்மான் ரோட்டிலும் பாண்டி பஜாரிலும் கையில் காந்தத்தோடு பாத்திரம் பார்ப்பவர்கள் உண்டு. 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் கலந்த 304 ரகத்தில் காந்தம் ஒட்டாது என்பது சரிதான். ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய மலிவான 202 ரகத்திலும் ஒட்டாது. ரக எண் பொறித்த பாத்திரமாகக் கேளுங்கள். இண்டக்ஷன் அடுப்புக்கு வாங்கினால் நேர்மாறு: அடிப்பாகத்தில் காந்தம் ஒட்டியே ஆக வேண்டும்.

*உப்பை எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற விடாதீர்கள்.* துருப்பிடிக்காமல் காப்பது குரோமிய ஆக்சைடின் மிக மெல்லிய படலம். கீறினாலும் காற்று பட்டதும் அது தானாகவே மறுபடி உருவாகிவிடும். ஆனால் உப்பிலிருக்கும் குளோரைடு அதைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். ஊறுகாய்க்குப் பீங்கான் ஜாடி வைத்தவர்கள் காரணம் தெரிந்தே வைத்தார்கள்.

இந்தக் குரோமியத்தின் இன்னொரு முகத்தையும் சொல்ல வேண்டும். அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் பல்லாண்டுகளாக ஆராய்ந்துவரும் பொருள்களில் குரோமியம் முக்கியமானது. உங்கள் தோல் செருப்பு அழுகாமல் இருக்கப் பெரும்பாலும் அதன் மூன்று இணைதிறன் வடிவம்தான் காரணம். அதுவே ஆறு இணைதிறன் வடிவத்தில் புற்றுநோய் தரும். ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று விட்டுச்சென்ற லட்சக்கணக்கான டன் கழிவு நிலத்தடி நீரை மஞ்சளாக்கியது அந்த வடிவத்தால்தான். தட்டில் இருப்பதும் அங்கே கிணற்றில் இறங்கியதும் ஒரே தனிமம். *தோல் பொருள்களை மட்டும் ஒருபோதும் எரிக்காதீர்கள்.* எரியும்போது முதல் வடிவம் இரண்டாவதாக மாறக்கூடும்.

மஞ்சள், குங்குமம், கற்பூரம்

*குங்குமம் மஞ்சளிலிருந்து செய்ததா என்று எலுமிச்சையால் சோதியுங்கள்.* மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும், அமிலம் பட்டால் திரும்பவும் மஞ்சளாகும். ஒரு சிட்டிகை குங்குமத்தில் எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விடுங்கள். மஞ்சளுக்குத் திரும்பினால் நல்லது. அப்படியே சிவப்பாக நின்றால் அது வேறு சாயம். நெற்றியில் தினமும் வைப்பதால் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

*மஞ்சள் கறை பட்ட வேட்டியை வெயிலில் காயப்போடுங்கள்.* சோப்பு பட்டதும் கறை சிவந்தால் பதற வேண்டாம். சோப்பின் காரத்தால் வந்த சிவப்பு அலசினால் போய்விடும். மிச்ச மஞ்சளை வெயில் உடைத்துவிடும்.

*கண்ணைப் பறிக்கும் விரலி மஞ்சளை வாங்காதீர்கள்.* பளபளப்புக்காகக் காரீயக் குரோமேட் பூசுவது நடந்திருக்கிறது. ஒரு துண்டைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டவுடன் நிறம் இறங்கினால் தூக்கி எறியுங்கள்.

*குழந்தையின் மார்பிலோ மூக்கிலோ கற்பூரம் தடவாதீர்கள்.* கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போகும். சிறிதளவு விழுங்கினாலே சின்னக் குழந்தைக்கு வலிப்பு வரும். அந்துருண்டையைக் கற்பூரத்தோடு ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். பார்க்க இரண்டும் ஒன்றுபோல் இருக்கும்.

தங்கம்

*ஆறு எழுத்து-எண் கொண்ட அடையாளக் குறியைப் பாருங்கள்.* 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகை ஒவ்வொன்றிலும் அது இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அதைப் போட்டால் நகையின் விவரம் வரும். 916 என்பது ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், அதாவது 22 காரட்.

*"கேடிஎம் நகையா?" என்று பெருமையாகக் கேட்காதீர்கள்.* அது காட்மியம் கலந்த பற்றவைப்பு. காட்மியம் 767 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். தங்கம் உருக 1064 டிகிரி வேண்டும். ஆக, பற்றவைக்கும்போது எழும் புகையை மூச்சில் வாங்குபவர் ஆசாரி. நுரையீரலும் சிறுநீரகமும் கெடும். நம் காதில் மின்னுவதற்கு அவர் நெஞ்சைக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

*பாதரசத் தெர்மாமீட்டர் உடைந்தால் முதலில் மோதிரத்தையும் வளையலையும் கழற்றி வையுங்கள்.* பாதரசம் பட்ட தங்கம் வெளுத்துவிடும், துடைத்தால் போகாது. விளக்குமாறால் பெருக்காதீர்கள், வாக்குவம் கிளீனரையும் தொடாதீர்கள். இரண்டுமே அதைத் துளித்துளியாகச் சிதறடித்து ஆவியைக் கூட்டும். ஜன்னலைத் திறந்து, கெட்டி அட்டையால் ஒதுக்கி எடுத்து, மூடியுள்ள பாட்டிலில் தண்ணீருக்கு அடியில் போட்டு வையுங்கள்.

எலியட்ஸ் பீச் பலூன்

*எந்த வாயு என்று தெரியாத பலூனைப் பிறந்தநாள் மெழுகுவத்தி பக்கம் கொண்டுபோகாதீர்கள்.* ஹீலியம் எரியாது, ஹைட்ரஜன் வெடிக்கும். இரண்டு பலூனும் ஒரே மாதிரிதான் பறக்கும். ஹீலியத்துக்கும் நமக்கும் ஓர் உறவு இருக்கிறது. 1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தை அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரிலிருந்து பிரெஞ்சு அறிஞர் ஜான்சென் ஆராய்ந்தார். நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்திலிருந்து பார்த்தார். அந்தக் கிரகணத்தில் தெரிந்த மஞ்சள் கோடுதான் ஹீலியத்தின் முதல் தடயம். பூமியில் அந்தத் தனிமம் அகப்பட 1895 ஆயிற்று.

தண்ணீரும் குளியலறையும்

*துருக்கறை மேல் பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள்.* போர்த் தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பு பிடிக்கும்போது தெளிவாக இருக்கும், காற்று பட்டதும் மஞ்சளாகும். பிளீச்சிங் அந்த மாற்றத்தை வேகப்படுத்திக் கறையை இறுக்கிவிடும். எலுமிச்சைச் சாறு போதும். தொட்டியில் தண்ணீர் பூவாளிபோல் தெறித்து விழும்படி குழாயை அமையுங்கள். இரும்பில் பெரும்பகுதி அங்கேயே படிந்துவிடும்.

*உப்புத் தண்ணீரைக் காய்ச்சினால் நல்ல தண்ணீராகும் என்று நினைக்காதீர்கள்.* கிருமி சாகும், உப்பு போகாது. பெசன்ட் நகர், திருவான்மியூர் கரையோரம் உப்பு ஏறாமல் தடுக்க வழி மழைநீரை மண்ணுக்குள் விடுவதுதான். 2003-ல் அரசு கட்டாயமாக்கிய அந்தக் குழியை மழைக்கு முன் தூர் வாருங்கள்.

*பிளீச்சிங் பவுடரையும் கழிவறை ஆசிடையும் ஒருபோதும் ஒன்றாக ஊற்றாதீர்கள்.* இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. முதல் உலகப்போரில் 1915-ல் படைவீரர்கள் மேல் ஏவப்பட்டது அதுதான். காற்றைப்போல் இரண்டரை மடங்கு கனம் என்பதால் தரையோடு தங்கும். குனிந்து தேய்ப்பவர்தான் முதலில் சுவாசிப்பார். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

வெள்ளி கறுப்பதும் கழிவுநீர்த் தொட்டியும்

*கறுத்த வெள்ளியைச் சாம்பல் போட்டு அரக்கித் தேய்க்காதீர்கள்.* கறுப்பு என்பது கந்தகத்தோடு சேர்ந்த வெள்ளி. தேய்த்தால் வெள்ளியும் போகும். பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, சமையல் சோடா தூவி, கொதிநீர் ஊற்றி, வெள்ளி தாளைத் தொடும்படி வையுங்கள். கந்தகம் அலுமினியத்துக்குப் போய்விடும், வெள்ளி உங்களிடமே இருக்கும். கல் பதித்த நகைக்கு மட்டும் இது வேண்டாம்.

அந்தக் கந்தகம் காற்றில் வருவது பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்பைடாக. பக்கிங்ஹாம் கால்வாயோரம் அழுகிய முட்டைபோல் நாறுவது அதுதான். நாற்றம் தெரிகிறவரை மூக்கு நம்மைக் காக்கிறது. செறிவு கூடினால் இந்த வாயு நுகரும் சக்தியையே மரத்துப்போக வைத்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, இனி இறங்கலாம் என்று தோன்றும் அந்த நேரத்தில்தான் மரணம் இருக்கிறது. மேலே தெளிவாக இருக்கும் தொட்டியிலும் அடிச் சேற்றைக் கிளறியவுடன் அடைபட்டிருந்த வாயு மொத்தமாக எழும். முதலில் இறங்கியவரைக் காப்பாற்ற இறங்குபவர் அடுத்து விழுவது இதனால்தான்.

*யாரையும் கழிவுநீர்த் தொட்டியில் இறக்காதீர்கள்.* பாதுகாப்பின்றி இறக்குவதை 2013 ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதல் தடவைக்கே இரண்டு ஆண்டு வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். இப்படி இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. அடைப்பு எவ்வளவு சின்னதாக இருந்தாலும், அவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், அவரே "நான் இறங்கிப் பார்க்கிறேன் சார்" என்று சொன்னாலும் மறுத்துவிடுங்கள். உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள். உங்கள் அடுக்குமாடிச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகவே நிறைவேற்றி, தொட்டி மூடிக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.