திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே சைக்கிள்

கேள்வி: கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் ஒதுங்கியே சைக்கிள் ஓட்டுகிறோம். மலை, திராட்சைத் தோட்டம் என்று நிம்மதியாகச் சுற்ற இடம் உண்டா?
– வாசகர், கோட்டைப்பட்டினம்

பதில்: 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தால் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்ற மாவட்டத்திலிருந்து இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம்.

மோட்டார் வண்டியே வராத பாதைக்கு ஜெர்மனிதான். டாவுன் ஊரிலிருந்து மோசல் ஆற்றங்கரையின் பெர்ன்காஸ்டல்-கூஸ் வரை சுமார் 58 கி.மீ. நீளும் பாதையின் பெரும்பகுதி பழைய ரயில் தடத்தின் மேல் போட்டது. ரயிலுக்குச் செங்குத்து ஏற்றம் ஆகாதே! அதனால் மலைநாட்டிலும் முழங்கால் தப்பிக்கிறது. இறங்கிச் சேரும் இடம் ஒயின் திராட்சை விளையும் சரிவுகள்.

நம் பக்கத்தில் கம்பம் பள்ளத்தாக்கு. இங்கே பெரும்பாலும் சாப்பிடும் பழம்தான். பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி பக்கம் பந்தலுக்குள் நுழைந்தால் தலைக்கு மேலே கருநீலக் கொத்துகள். அண்ணாந்தால் இலை இடுக்கில் மலை.

கிராமச் சாலைகளில் டிராக்டரும் பைக்கும் வரத்தான் செய்யும். ஆனால் தேனி–குமுளி நெடுஞ்சாலையில் ஏறவே வேண்டாம், அதுவும் சபரிமலை சீசனில். ஆனி, ஆடியில் எதிர்காற்று ஆளைத் தள்ளும்.

கொத்தில் கை வைக்குமுன் தோட்டக்காரரைக் கேட்பது நல்லது. அன்றுதான் மருந்து அடித்திருப்பார்கள்.