தள்ளுபடி 37 சதவீதம் சரி, வாட் எவ்வளவு?

கேள்வி: என் மகன் கோவையில் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். சாலிட்வொர்க்ஸ் ஓட்டவும் நண்பர்களோடு விளையாடவும் கேமிங் லேப்டாப் கேட்கிறான். தீபாவளி போனஸோடு கையிருப்பையும் சேர்த்து 85,000 ரூபாய் எடுத்து வைத்திருக்கிறேன். தேடித் தேடி இரண்டில் வந்து நிற்கிறோம். ஒன்று: ஆர்டிஎக்ஸ் 4060, ரைசன் 7 7435 எச்எஸ், 16 ஜிபி ராம். எம்ஆர்பி 1,34,990, ஆஃபரில் 84,990. மற்றொன்று: ஆர்டிஎக்ஸ் 4050, ஐ5 13450 எச்எக்ஸ், 8 ஜிபி ராம். எம்ஆர்பி 99,990, ஆஃபரில் 76,990. முதலாவதுக்கு 37 சதவீதம் தள்ளுபடி, இரண்டாவதுக்கு 23தான். மகன் முதலாவதுதான் வேண்டும் என்கிறான். ஆஃபர் நான்கு நாளில் முடிகிறது. எதை வாங்கலாம்?
- ஒரு தந்தை, திருப்பூர்

பதில்: நான்கு நாள் போதும், பதற வேண்டாம். முதலில் அந்த 37ஐயும் 23ஐயும் மனதிலிருந்து அழித்துவிடுங்கள். எம்ஆர்பி என்பது அதற்கு மேல் விற்கக் கூடாது என்ற உச்சவரம்பு மட்டுமே. கடையில் அந்த விலைக்கு லேப்டாப் விற்பது அபூர்வம். அதிலிருந்து கழித்துச் சொல்லும் சதவீதத்தை வைத்துப் பொருளின் தரத்தை அறிய முடியாது. உங்கள் கையைவிட்டுப் போவது 84,990 அல்லது 76,990. வித்தியாசம் 8,000. அந்த எட்டாயிரத்துக்குக் கூடுதலாக என்ன கிடைக்கிறது என்பதை மட்டும் பார்ப்போம்.

காகிதத்தில் பார்த்தால் முதலாவது லாபம்தான். 4060இல் 8 ஜிபி கிராபிக்ஸ் மெமரி, 3,072 கோர்கள். 4050இல் 6 ஜிபி, 2,560 கோர்கள். ஆனால் லேப்டாப்பில் கிராபிக்ஸ் சிப்பின் பெயர் பாதி உண்மையைத்தான் சொல்லும். அந்தச் சிப்புக்கு எத்தனை வாட் மின்சாரம் கொடுப்பது என்பதை லேப்டாப் தயாரிப்பவர் முடிவு செய்கிறார். என்விடியா கொடுத்திருக்கும் வரம்பு, இந்த இரண்டு சிப்புக்குமே, 35 முதல் 115 வாட் வரை. தோட்டத்தில் ஒரே ஹெச்பி மோட்டார் முழு வோல்டேஜில் இறைக்கும் தண்ணீரும் லோ வோல்டேஜில் இறைக்கும் தண்ணீரும் ஒன்றாகுமா? இதுவும் அப்படித்தான்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2022இல் என் தங்கை மகனுக்கு ஆர்டிஎக்ஸ் 3060 போட்ட லேப்டாப் ஒன்றை நானே தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். ஒல்லியாக, அழகாக இருந்தது, நல்ல ஆஃபரும்கூட. ஹாஸ்டலில் அவன் அறைத்தோழனிடமும் 3060தான். தடிமனான, விலை குறைந்த லேப்டாப். ஒருநாள் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரே கேமை ஒரே செட்டிங்கில் ஓட்டினோம். தோழனுடையது நொடிக்கு 80 ஃபிரேமுக்கு மேல் சரளமாக ஓடியது. எங்களுடையது 60ஐத் தொடவே திணறியது. பிறகுதான் விவரப் பட்டியலை உட்கார்ந்து படித்தேன். எங்களுடையது 60 வாட், அவனுடையது 115. வாங்குவதற்கு முன் அந்த ஒரு வரியைப் படித்திருந்தால் போதும். அந்தப் பையனின் முகம் வாடியது இன்னும் என் மனதில் இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அந்த எண் விற்பனைப் பக்கத்தில் பெரும்பாலும் இருக்காது. தயாரிப்பாளரின் இணையதளத்தில், மாடல் நம்பரை ஓர் எழுத்தும் விடாமல் போட்டு, விவரப் பட்டியலில் 'டிஜிபி' அல்லது 'மேக்சிமம் கிராபிக்ஸ் பவர்' என்ற வரியைத் தேடுங்கள். கடையில் டெமோ பீஸ் இருந்தால் என்விடியா கண்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்தால் அதுவே காட்டும். 4060க்கு 90, 100 வாட் இருந்தால் நல்லது. அதற்கு மேல் 115 என்று போட்டிருந்தாலும் கூடுதல் பலன் சொற்பம்தான். அந்தப் பெரிய எண்ணுக்காக அதிகப் பணம் கொடுக்காதீர்கள். மாறாக 60 வாட் என்றிருந்தால், முழு வாட்டில் ஓடும் 4050க்கும் அதற்கும் வேக வித்தியாசம் அநேகமாக மறைந்துவிடும்.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது, எதைப் பின்னால் மாற்ற முடியும், எதை முடியாது என்பது. ராமையும் எஸ்எஸ்டியையும் அநேக கேமிங் லேப்டாப்களில் பிறகு கூட்டிக்கொள்ளலாம். கிராபிக்ஸ் சிப், பிராசசர், காற்றோட்ட அமைப்பு, இவை கடைசிவரை அதேதான். திரையை மாற்றுவதும் நடைமுறையில் கட்டுப்படியாகாது. எனவே மாற்ற முடியாததற்குப் பணம் கொடுங்கள். 4050 லேப்டாப்பில் 8 ஜிபிதான் இருக்கிறது என்று தயங்க வேண்டாம். இரண்டாவது ராம் ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். இன்னொரு 8 ஜிபி போட்டால் டூயல் சேனலாகி, கேமில் நன்றாகவே வித்தியாசம் தெரியும். ராம் விலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அன்றைய விலையைக் கேட்டு 76,990உடன் கூட்டிப் பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

திரையில் '144 ஹெர்ட்ஸ்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். வண்ணத்தைப் பற்றிய வரியையும் படியுங்கள். '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்றிருந்தால் நிறங்கள் வெளிறித்தான் தெரியும். '100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி' என்றிருப்பதே நல்ல திரை. இனி வருடக்கணக்கில் உங்கள் மகன் பார்க்கப்போவது அதைத்தான்.

பிராசசர் பெயரிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ரைசன் 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பு எந்தத் தலைமுறை என்று காட்டும். 7435இல் அது 3. அதாவது ஜென் 3+, சற்றுப் பழையது. விளையாட அது போதும். ஆனால் அதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. வகுப்பில் குறிப்பெடுக்கும்போதுகூட பெரிய கிராபிக்ஸ் சிப்தான் வேலை செய்யும், பேட்டரி சீக்கிரம் இறங்கும். சாலிட்வொர்க்ஸுக்கும் ஒரு வார்த்தை: மாடல் வரையும் வேலை பெரும்பாலும் பிராசசரின் ஒற்றைக் கோர் வேகத்தை நம்பியது. மாணவர் அளவிலான பார்ட்டுக்கும் அசெம்பிளிக்கும் இரண்டு லேப்டாப்புமே தாங்கும். அந்த வகையில் 13450 எச்எக்ஸ் ஒரு படி மேல்.

வெப்பத்தைச் சொல்லாமல் முடிக்க முடியாது, நீங்கள் திருப்பூர் என்பதால். சிப் சூடானால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உங்கள் ஊரிலிருந்து சர்வீசுக்கு வந்த லேப்டாப் ஒன்றின் அடிப்பலகையைக் கழற்றிப் பார்த்தேன். அதன் சொந்தக்காரருக்குப் பனியன் கம்பெனியின் மாடியிலேயே வீடு. ஃபேனுக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே பஞ்சு கம்பளித் துண்டு மாதிரி படிந்திருந்தது. விரலால் பிடித்து இழுத்தால் ஒரே பட்டையாக வந்தது. அதை எடுத்தபின் அரை மணி நேரம் கேம் ஓடியும் வேகம் குறையவில்லை. எனவே மெத்தைமேல் வைத்து ஓட்ட வேண்டாம். வருடம் ஒருமுறை திறந்து சுத்தம் செய்யுங்கள். திறந்தால் வாரன்டி போகுமா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

பணம் கட்டும்போது: 'நோ காஸ்ட் இஎம்ஐ'யில் வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்தாலும், அந்த வட்டிமீது 18 சதவீத ஜிஎஸ்டியும் பிராசசிங் கட்டணமும் தனியாக வரும். உங்களிடம் ரொக்கம் இருக்கிறது, இஎம்ஐ வேண்டாம். பெட்டியைப் பிரிக்கும்போது வெட்டு இல்லாமல் வீடியோ எடுங்கள். முதல் வாரத்திலேயே அரை மணி நேரம் கேமை ஓட்டி வெப்பம், ஃபேன் சத்தம், திரைப் புள்ளிகளைச் சோதியுங்கள். குறை இருந்து மாற்றித்தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைக்கலாம்.

ஆக, முதலாவதில் வாட் 90க்குக் குறையாமலும், திரை 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபியாகவும் இருந்தால் தயங்காமல் 4060ஐ வாங்குங்கள். 8 ஜிபி கிராபிக்ஸ் மெமரி பின்னால் காசு கொடுத்துச் சேர்க்க முடியாதது. எட்டாயிரத்துக்கு அது மலிவு. வாட் 60ஐ ஒட்டி இருந்தால், 4050இன் வாட்டையும் பார்த்துவிட்டு அதையே வாங்கி, மிச்சத்தில் ராம் போடுங்கள்.

இந்த எண்களைத் தேடும் வேலையை மகனிடமே கொடுங்கள். அவன் படிக்கும் படிப்பே வெப்பமும் சக்தியும்தான். இவ்வளவு சிறிய ஹீட் சிங்க் இத்தனை வாட் வெப்பத்தை எப்படி வெளியேற்றும் என்று ஒருமுறை யோசித்துவிட்டானென்றால், தள்ளுபடிச் சதவீதத்தை அவனே ஓரம் வைத்துவிடுவான்.