மாடிக் கீரையும் நீரின் உப்பும்

பெங்களூரு விவேக் நகர் போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் கீரைக்கெனத் தனி நிலம் காண்பது அரிது. மொட்டை மாடியில் மண்ணின்றிக் கீரை வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸ் முறை இங்குக் கைகொடுக்கும். ஆனால் காவிரி நீர் போதாத நாட்களில் தொட்டியை நிரப்ப ஆழ்துளைக் கிணற்று நீரையே நாடுகிறோம். அதில் கரைந்துள்ள உப்பை அறியாமல் முதலீட்டில் இறங்கினால், பணமும் உழைப்பும் வீணாகும்.

கரைசலில் உப்பின் செறிவு ஏறஏற, வேர் நீரை உறிஞ்சத் திணறுகிறது. தொட்டி நிறைய நீர் இருந்தும் செடி தாகத்தால் வாடுகிறது. சோடியம் மிகுந்தால் பொட்டாசியமும் கால்சியமும் செடிக்குக் கிடைப்பது குறைகிறது. இலை விளிம்புகள் கருகுகின்றன.

ஒரு கணக்கைப் பார்ப்போம். லிட்டருக்கு 800 மில்லிகிராம் உப்புள்ள நீரை 20 லிட்டர் தொட்டியில் நிரப்பினால், 16 கிராம் உப்பு சேர்கிறது. செடிகள் நீரைப் பெரிதும் பருகுகின்றன. சோடியத்தையும் குளோரைடையும் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. குறைந்த நீரை ஈடுசெய்ய மேலும் 20 லிட்டர் ஊற்றினால் இன்னொரு 16 கிராம் சேரும். கட்டாத கடனில் வட்டி ஏறுவது போன்றதே இது. மின்கடத்துதிறன் மானியும் நம்மை ஏமாற்றக்கூடும். அது உரத்தையும் சோடியத்தையும் பிரித்துக் காட்டாது. அளவு நிறைவாகத் தெரிந்தும் செடி பசித்திருக்கலாம். ஆகவே உரம் கலப்பதற்கு முன்பே வெறும் நீரை அளந்து குறித்துக்கொள்வோம்.

அடுத்து, வேர் பற்றும் ஊடகம். தென்னை நார்க்கழிவிலும் சோடியம் ஒளிந்திருக்கும். அதனைக் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்தால், கால்சியம் அந்தச் சோடியத்தை வெளியேற்றும். பின்னர் வடியும் நீரின் அளவு, ஊற்றிய நீரின் அளவுக்கு இறங்கும்வரை அலச வேண்டும். பெங்களூரு ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் நொதிக்கவைத்த நார்க்கழிவை உருவாக்கியுள்ளது. நன்கு கழுவிய உமிக்கரியைச் சிறிதளவு கலந்தால் வேருக்குக் காற்றோட்டம் கூடும். உமியிலுள்ள சிலிக்கா, கரைந்து செடியைச் சேருமளவுக்கு, உப்பின் தாக்கத்தைத் தாங்க உதவும்.

எனினும் ஊடகம் தொல்லையைத் தணிக்குமே தவிர, நீரிலுள்ள உப்பை நீக்காது. நிலையான தீர்வு மழைநீரே. கிணற்று நீரோடு சமபங்கு மழைநீர் கலந்தால் உப்பு ஏறத்தாழப் பாதியாகும். தொட்டிக் கரைசலை முழுதும் அவ்வப்போது மாற்றுவதும் இன்றியமையாதது. பயிர்த் தேர்விலும் கவனம் தேவை: லெட்டூஸ் உப்பை எளிதில் தாங்காது, பாலக்கும் பருப்புக்கீரையும் அதைவிடத் தாங்கும்.

சேமிப்பை எடுத்துப் பெரிய அமைப்பு வாங்குமுன், நீரைப் பரிசோதிப்போம். ஒரே தொட்டியில் ஒரு பருவம் வளர்த்துப் பார்ப்போம். சிறிய தொட்டியில் கற்கும் பாடத்திற்குச் செலவும் சிறிதே.