ஈட்டிக்கு வந்த கெட்ட பெயர்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

2023 டிசம்பர் 30. சிட்னிக்குத் தெற்கே குரோனுல்லாவின் ஓக் பார்க் பகுதியில் ஒருவர் பெரிய நீல மீன் ஒன்றை ஈட்டியால் குத்திக் கரைக்குக் கொண்டுவந்தார். அது புளூ குரோப்பர், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் அடையாள மீன். ஈட்டியால் அதைக் குத்துவதற்கு அங்கே 1969 முதல் தடை இருக்கிறது. ஆளைக் கண்டால் ஓடாது, பின்னாலேயே வரும். முக்குளிப்பவர் கடல் முள்ளெலி ஒன்றைக் கல்லில் உடைத்து நீட்டினால், கைக்கெட்டும் தூரத்தில் நின்று தின்னும். அப்படிப் பழகிய மீனைக் கொன்றதற்கு 500 டாலர் அபராதம் விதித்தார்கள். மக்கள் கோபம் அதோடு அடங்கவில்லை. ஈட்டியோடு கடலில் இறங்குகிற எல்லோர் மேலும் பாய்ந்தது. இந்தச் சண்டை எழும்போதெல்லாம் இரு தரப்பும் சில நம்பிக்கைகளைக் கையில் எடுத்துக்கொள்கின்றன.

நம்பிக்கை: கடலில் மீன் குறைவதற்கு ஈட்டிக்காரர்களே காரணம்.

உலக அளவில் பார்த்தால் இது நிற்காது. ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு கணக்கிட்டபடி, மீன்பிடித் தொழில் ஆண்டுக்குச் சுமார் 91 லட்சம் டன் மீனைப் பிடித்து, வேண்டாமென்று கடலிலேயே வீசிவிடுகிறது. அதில் ஏறக்குறைய பாதி, கடலடியை வாரிச் செல்லும் இழுவைமடிகளிலிருந்து வருகிறது. ஈட்டிக்காரர் ஒரு மீனைப் பார்த்து ஒரு மீனை எடுக்கிறார். அறுந்த வலை ஆண்டுக்கணக்கில் பாறையில் சிக்கி மீனைக் கொன்றுகொண்டிருப்பது போன்ற வேலை அவரால் நடப்பதில்லை. நியூ சவுத் வேல்ஸில் பொழுதுபோக்காகப் பிடிப்பவர் தம் மீனை விற்கவும் கூடாது.

நம்பிக்கை: “பார்த்துத்தான் எய்கிறோம். எங்களால் தீங்கே இல்லை.”

இதைச் சொல்பவர்கள்தான் ஈட்டியின் பெயரை அதிகம் கெடுக்கிறார்கள் என்பது என் எண்ணம். முகக்கண்ணாடி வழியாக நீருக்குள் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். 50 சென்டிமீட்டர் கிங்ஃபிஷ் ஏறக்குறைய 67 சென்டிமீட்டர் போலக் கண்ணை ஏமாற்றும். சட்டம் கேட்கும் குறைந்தபட்ச அளவோ 65. ஈட்டிக்காரர் தம் கட்டிக் கீழே கிடக்கிறார். மீன் திரும்பி விலாவைக் காட்டுகிறது. முடிவெடுக்கச் சில நொடிதான். தூண்டில்காரர் சிறிய மீனை அளந்து பார்த்துத் திரும்ப விட்டுவிடலாம். ஈட்டி பாய்ந்த மீனை எங்கே விடுவது?

பெரிய மீனாகப் பார்த்து எடுத்தால் சரியாகிவிடும் என்பார்கள். அதிலும் சிக்கல் உண்டு. எடை இரண்டு மடங்கான தாய்மீன், பல இனங்களில், இரண்டு மடங்குக்கும் மேலாக முட்டையிடும். புளூ குரோப்பரோ பிறக்கும்போது பெண். பழுப்பு நிறத்தில் பல ஆண்டு வாழ்ந்து, அவற்றுள் சில மட்டுமே பிறகு ஆணாகி நீலமடைகின்றன. கண்ணைப் பறிக்கும் அந்த நீலத்துக்குப் பின்னால் அத்தனை ஆண்டு வளர்ச்சி இருக்கிறது. ஒரே பாறையைச் சுற்றி வாழ்கிற மீன் என்பதால், கடல் முழுக்கக் குரோப்பர் இருந்தாலும் அந்த ஒரு பாறையை நாலைந்து பேர் சேர்ந்து காலி செய்துவிட முடியும்.

கிரே நர்ஸ் சுறாவின் கதை இன்னும் கசப்பு. துருத்திய பற்களைப் பார்த்து ஆள்தின்னி என்று முடிவுகட்டினார்கள். உண்மையில் அது மீன் தின்று வாழும் சாதுவான சுறா. 1950களிலும் 60களிலும் ஈட்டியாலும், நுனியில் தோட்டா பொருத்திய ஈட்டியாலும் அதைக் கொன்று குவித்தார்கள். ஒரு ஈற்றுக்கு இரண்டே குட்டி போடும் இனம் அதைத் தாங்குமா? 1984இல் நியூ சவுத் வேல்ஸ் அதற்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தது. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் அது இன்றும் அழிவின் விளிம்பில்தான் இருக்கிறது.

நம்பிக்கை: மூச்சடக்கி இறங்கினால் என்ன, சிலிண்டரோடு இறங்கினால் என்ன, எல்லாம் வேட்டைதான்.

மூச்சு தீர்ந்தால் மனிதன் மேலே வந்தாக வேண்டும். அதற்குக் கீழே உள்ள ஆழம் மீனுக்குப் புகலிடம். சிலிண்டர் அந்தப் புகலிடத்தைப் பறித்துவிடுகிறது, டார்ச் விளக்கு இரவையும் பறிக்கிறது. தலையில் புடைப்புள்ள பெரிய கிளிமீன்கள் இரவில் ஆழமில்லாத இடத்தில் கூட்டமாக உறங்கும். பசிபிக் தீவுகள் பலவற்றில் உறங்கும் மீனைக் குத்திக் குத்தியே அவற்றை அரிதாக்கிவிட்டார்கள். அமெரிக்க சமோவா 2001இல் சிலிண்டர் வேட்டையைத் தடைசெய்தது. நியூ சவுத் வேல்ஸில் ஈட்டி வேட்டையில் சிலிண்டர், விளக்கு, தோட்டா மூன்றுக்குமே தடை.

நம்பிக்கை: ஈட்டி எடுத்தவருக்குக் கடல்மேல் அன்பு இருக்காது.

ரான் டெய்லர் 1965இல் தஹிதியில் உலக ஈட்டி மீன்பிடிப் போட்டியில் வென்றவர். அவரும் மனைவி வேலரியும் அதன்பின் ஈட்டியை வைத்துவிட்டுக் கேமராவோடு மட்டும் கடலில் இறங்கினார்கள்; கிரே நர்ஸ் சுறாவைக் காக்கக் குரல் கொடுத்தவர்களில் அவர்கள் முக்கியமானவர்கள். ஈட்டியே கடலுக்கு உதவுகிற இடமும் உண்டு. நம் இந்தியப் பெருங்கடலுக்கும் பசிபிக்கிற்கும் உரிய சிங்கமீன், 1985இல் ஃபுளோரிடா அருகே தென்பட்டு, பிறகு கரீபியன் முழுக்கப் பரவி அங்குள்ள சிறு மீன்களைத் தின்று தீர்க்கிறது. தூண்டிலில் அது எளிதில் சிக்காது. பாறையிடுக்கிலிருந்து அதை எடுக்க ஈட்டிதான் கைகொடுக்கிறது. ஃபுளோரிடாவில் அதற்குப் பருவத்தடையும் இல்லை, எண்ணிக்கை வரம்பும் இல்லை.

நம்பிக்கை: நல்ல விளம்பரம் செய்தால் பெயர் மாறிவிடும்.

“இழுவைமடியைப் பாருங்கள், நாங்கள் எவ்வளவோ மேல்” என்ற வாதம் கணக்கில் சரியாக இருந்தாலும், ஓக் பார்க்கில் தினமும் நீந்துகிறவரிடம் எடுபடாது. அவர் இழந்தது டன் கணக்கு மீனை அல்ல, தமக்குத் தெரிந்த ஒரு மீனை. 2024 பிப்ரவரியில் அரசு புளூ குரோப்பரைத் தூண்டிலால் பிடிப்பதற்கும் ஓராண்டுத் தடை போட்டது. ஒரு ஈட்டி செய்த காரியத்துக்குத் தூண்டில்காரர்களும் விலை கொடுத்தார்கள்.

ஈட்டி மன்றங்கள் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. புதிதாகச் சேர்பவருக்கு முதலில் எந்த மீனை எய்யக் கூடாது என்று காட்டிக்கொடுக்கலாம். ஈட்டித் துப்பாக்கியின் தண்டில் கிங்ஃபிஷுக்கான 65 சென்டிமீட்டர் அளவைக் கீறி வைக்கச் சொல்லலாம். தண்டும் மீனும் பக்கத்தில் இருக்கும்போது நீருக்குள் இரண்டுமே ஒரே அளவு பெருத்துத் தெரியும். போட்டிகளில் மிகப் பெரிய மீனுக்குக் கோப்பை தருவதை நிறுத்தலாம். பிடித்த மீனின் இனம், நீளம், இடம் மூன்றையும் எழுதி மீன்வள ஆய்வாளர்களிடம் ஆண்டுதோறும் கொடுக்கலாம். கடலடியை ஒவ்வொரு வாரமும் கண்ணால் பார்த்து வருகிறவர்களின் அந்தக் குறிப்பேடு ஆய்வாளர்களுக்கு வேண்டும்.